சீசன் இல்லாத மாதங்களும் மடிக்கணினி விருந்தினரும்: வில்லியனூர், பாகூர் சேரிகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

புதுச்சேரியின் சுற்றுலா பெரும்பாலும் வார இறுதிச் சுற்றுலா. வெள்ளிக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் வரிசைகட்டி வரும் சென்னை, பெங்களூரு வண்டிகள் ஞாயிறு இரவுக்குள் திரும்பிவிடுகின்றன. திங்கள் முதல் வியாழன் வரை விடுதி அறைகள் காலியாகக் கிடக்கின்றன. டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த விலைக்கும் கிடைக்காத அதே அறைகள், வடகிழக்குப் பருவமழையின் அடைமழை வாரங்களிலும், பள்ளி விடுமுறை முடிந்த பின்னான வெயில் நாட்களிலும் பாதி விலைக்கும் ஆளின்றிப் பூட்டியே இருக்கின்றன.

இந்தக் காலி நாட்களை நிரப்ப உலகெங்கும் சுற்றுலாத் துறையினர் கையாளும் வழி ஒன்று உண்டு. அலுவலகத்திற்குச் செல்லாமல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யக்கூடிய தொலைநிலைப் பணியாளர்களை, கூட்டம் இல்லாத மாதங்களில், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வந்து தங்கச் செய்வது. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்திற்குப் பிறகு இது வேகம் பெற்றது. அந்த ஆண்டு ஜூலையிலேயே கரீபியன் தீவு நாடான பார்படோஸ், பன்னிரண்டு மாதங்கள் தங்கி வேலை பார்க்கத் தனி அனுமதியை அறிவித்தது. புதுச்சேரி போன்ற ஓரிடத்திற்கு இந்த யோசனை வந்துசேர அதிக காலம் ஆகாது. வரும்போது அது நகரத்தின் பிரெஞ்சுத் தெருக்களோடு நிற்காது. வாடகை குறைவான, ஏரியும் வயலும் ஆறும் உள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைத்தான் தேடி வரும். அப்படி வருபவர் எந்தத் தெருவில் தங்குவார், அவர் கொடுக்கும் பணம் எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். விதிகள் எழுதப்பட்ட பிறகு பேசுவதில் பயனில்லை.

முதலில், இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். தொலைநிலைப் பணியாளருக்கு வேண்டியவை எளியவை. ஆனால் தவறாமல் வேண்டும். மின்தடையில்லாத பகல் பொழுது, ஓர் இணைய இணைப்பு அறுந்தால் கைகொடுக்க மற்றொன்று, முதுகு நோகாத நாற்காலி, சுத்தமான கழிப்பறை, சமைக்கவும் துணி துவைக்கவும் வசதி, இரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குப் போக வண்டி. வில்லியனூர் நகரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர்; தொடர்வண்டி நிலையமும் உண்டு. பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாகூர் ஏரி, சங்கராபரணிக் கரையின் திருக்காஞ்சி, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு, ஒன்றிய அரசின் சுதேஷ் தர்ஷன் கடற்கரைச் சுற்றில் இடம்பெற்ற நரம்பை, மணப்பட்டுக் கடற்கரைகள் என்று விளம்பரத் துண்டறிக்கைக்குத் தேவையான எல்லாம் இங்கே உண்டு.

பணக் கணக்கும் எளியதே. ஓர் அறைக்கு வார இறுதி இரவொன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் எட்டு இரவுகள் நிரம்பினால் 12,000 ரூபாய். சீசன் இல்லாத மாதத்தில் இரண்டு இரவுகள் மட்டும் நிரம்பினால் 3,000 ரூபாய். அதே அறையை இரவுக்கு 500 ரூபாய் வீதம் முப்பது நாட்களுக்கு ஒருவருக்கே விட்டால் 15,000 ரூபாய். உரிமையாளருக்கு இது நல்ல வரவு. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் மாதம் முழுவதும் தங்கினால் அறையைக் கழுவிப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை, நாளுக்கொருவர் வந்துபோகும் அறையைவிடக் குறைவு. அவர் தாமே சமைத்துக்கொண்டால் உணவகச் செலவும் குறைவு. வார இறுதிப் பயணி தெருவில் சிதறவிட்டுப் போகும் பணத்தின் பெரும்பகுதி, இங்கே வாடகையாக ஒரே கையில் சேர்கிறது. ஆகவே அறை யாருக்குச் சொந்தம் என்பதே இத்தொழிலில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே அண்மை எடுத்துக்காட்டு இருக்கிறது. சிக்கிம் மாநிலத்தின் பாக்யோங் மாவட்டத்தில் உள்ள யாக்டென் என்னும் மலைக் கிராமம், 2025 ஜூலையில் தொலைநிலைப் பணியாளர்களுக்கான கிராமமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகமும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. பயணிகள் வராத மாதங்களில் ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பங்களுக்கு வருமானம் கிடைக்கச் செய்வதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாமும் குறைசொல்ல வரவில்லை. ஆனால் சிக்கிமின் நிலச் சட்டங்களை மறந்துவிட்டு யாக்டெனைப் பேச முடியாது. லெப்சா, பூட்டியா மக்களின் நிலம் பிறர் கைக்குப் போவதை அங்கே 1917ஆம் ஆண்டின் வருவாய் ஆணையே தடுத்தது. இந்தியாவுடன் இணைந்த பிறகும் அரசமைப்பின் 371எஃப் பிரிவு சிக்கிமின் பழைய சட்டங்களைக் காத்து நிற்கிறது. கிராமத்தின் பெயர் உலகமெல்லாம் தெரிந்தாலும் கிராமத்தானின் நிலத்தை எளிதில் வாங்கிவிட முடியாது. வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே நீடிக்கிறார்.

பாகூரில் அப்படிப்பட்ட அரண் எதுவும் இல்லை. 1892இல் அன்றைய சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பற்றித் தமிழ்நாட்டுத் தோழர்கள் பேசும்போது, புதுச்சேரி மக்கள் கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே முடியும். அந்த ஆணை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண்ணை எட்டவில்லை. இக்கொம்யூன்களின் கிராமங்களும் தமிழ்நாட்டின் கிராமங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறும். பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரும் உரிமையாவது வரப்புக்கு அந்தப் பக்கம் உண்டு. இந்தப் பக்கம் சேரி மக்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது, அரசு கொடுத்த குடியிருப்பு மனை மட்டுமே.

அந்த மனையின் சட்டநிலையைச் சற்று விளக்க வேண்டும். மக்கள் வழக்கில் ‘எல்.ஜி.ஆர். பட்டா’ என்று சொல்லப்படும் இலவச மனைப்பட்டா, 1975ஆம் ஆண்டின் நில வழங்கல் விதிகளின்கீழ் நிபந்தனைகளுடன் தரப்படுவது. குடியிருக்க என்று கொடுத்த மனை அது. அதில் அரசின் வீடு கட்டும் திட்டத்தின் உதவியோடு எழுப்பிய சிறு வீட்டில் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து வாழ்வதும், தாத்தா பெயரிலேயே பட்டா கிடப்பதும் நம் குடியிருப்புகளில் அன்றாடக் காட்சி. இப்போது ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தைப் பாருங்கள். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். விருந்தினருக்கென ஒன்று முதல் ஆறு அறைகள் வரை தனியே இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் ஊர்த்தெருவின் மாடிவீடு எளிதாகத் தேறிவிடும். காலனி வீடு வாசலிலேயே நின்றுவிடும். 2025-26 நிதிநிலை அறிக்கை ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என்றது. முத்ராவுக்கு அடமானம் தேவையில்லை என்பது நல்ல விதிதான். கடன் பணம் தரும், மனை தராது.

இதே ஒன்றிய அரசு பழங்குடியினர் விஷயத்தில் வேறு விதமாகச் சிந்தித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழங்குடிக் கிராமங்களுக்கான மேம்பாட்டு இயக்கத்தின் பகுதியாக, பழங்குடிப் பகுதிகளில் 1,000 ஹோம்ஸ்டேக்களை உருவாக்க, ஒரு குடும்பத்திற்குப் புதிய அறைகள் கட்ட 5 இலட்சம் ரூபாய் வரையும், இருப்பதைப் புதுப்பிக்க 3 இலட்சம் வரையும், கிராமத்தின் பொதுத் தேவைக்கு 5 இலட்சம் வரையும் உதவி வகுக்கப்பட்டது. அறை இல்லாதவருக்கு அறை கட்டித் தந்த பிறகே தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் குடியிருப்புகளுக்கு ஏன் அந்தப் புரிதல் பொருந்தாது? புதுச்சேரியின் இருளர்கள் 2016இல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஏரி, குளக் கரைகளை நம்பி வாழும் அவர்களுக்காவது இத்திட்டம் வந்து சேர்ந்ததா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

அறை கிடைத்துவிட்டால் போதுமா? தெருவின் பெயர் இருக்கிறதே. இணையத்தில் அறை தேடுபவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். குடியிருப்பின் பெயரிலேயே அதன் சாதி எழுதப்பட்டிருக்கும் நாடு இது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஏர்பிஎன்பி தளத்தில் கறுப்பினத்தவருக்குரிய பெயரோடு அறை கேட்டவர்களுக்கு, வெள்ளையர் பெயரோடு கேட்டவர்களைவிட 16 விழுக்காடு குறைவாகவே சம்மதம் கிடைத்தது என்று காட்டியது. முகம் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்து நடந்த புறக்கணிப்பு அது. நம் நாட்டில் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லியை ஒட்டிய பகுதிகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகைக்கு வீடு தேடிய தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்படுவதையும், அதிக வாடகை போன்ற நியாயமற்ற நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்படுவதையும் பதிவுசெய்தது. கிராமத்திலோ எந்த ஆய்வும் தேவைப்படாத அளவுக்கு நேரடியாகவே கேட்பார்கள்: “நீங்க என்ன ஆளுங்க?” பெங்களூரிலிருந்து வரும் மென்பொருள் பொறியாளர் தலித்தாக இருந்தால், ஊர்த்தெரு ஹோம்ஸ்டேயில் அவருக்கும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. தொலைநிலைப் பணியாளர் என்றாலே சாதி இந்து என்று கற்பனை செய்துகொள்வது நம் விளம்பரக்காரர்களின் பழக்கம்.

அடுத்தது அடுக்களை. ஹோம்ஸ்டே என்றால் வீட்டுச் சாப்பாடு. யார் சமைப்பது? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்ததை நாடே பார்த்தது. பிள்ளைகளுக்கு அரசு போடும் சோற்றிலேயே இதைச் செய்தவர்கள், விருந்தினருக்குத் தாங்கள் போடும் சோற்றில் செய்யமாட்டார்கள் என்று நம்ப இடமில்லை. கழுவவும் துடைக்கவும் சேரிப் பெண், சமைக்க வேறு பெண் என்ற பிரிவினை எந்த ஆணையும் இல்லாமலேயே நிலைபெற்றுவிடும். ‘பாரம்பரிய உணவு’ என்ற பெயரில் வைக்கப்படும் இலையில் கருவாட்டுக் குழம்புக்கும் வயல் நண்டுக்கும் நத்தைக்கும் மாட்டிறைச்சிக்கும் இடமிருக்காது. பாகூர் வயலில் உழைத்தவர்கள் தலைமுறைகளாக உண்டுவந்த உணவு அது என்றாலும்.

கிராமத்தின் ‘அமைதி’யைத் தேடி வருகிறோம் என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடும் மனப்போக்கைக் கடுமையாக மறுத்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ந்தார். அதே அவையில், அதே மாதம் 29ஆம் நாள், இன்று 15(2) என்று நாம் அறியும் பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, ‘கடை’ என்ற சொல்லை மிகப் பரந்த பொருளில், பணத்திற்குச் சேவை தரும் எவரையும் உள்ளடக்கியதாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கினார். இந்த விளக்கத்தை 2011இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. தனியார் நடத்தும் விடுதியும் உணவகமும் சாதி பார்த்து ஆளை மறுக்க முடியாது என்பதற்கு அரசமைப்பே நேரடி ஆதாரம். இணையத் தளத்தில் அறையைப் பட்டியலிட்டு வாடகைக்கு விடுபவரும் இந்தப் பரந்த பொருளுக்குள் வருகிறார் என்பது நம் வாதம்.

இதற்குக் கீழே இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் விடுதி, உணவகம், சத்திரம் ஆகியவற்றில் நுழைவதைத் தடுப்பதையும், எந்த இடத்திலும் குடியிருப்பு வாங்குவதை, கட்டுவதை, அதில் வசிப்பதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதமோ 100 முதல் 500 ரூபாய்தான், அது வேறு கதை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 3(1)(இசட்ஏ) உட்பிரிவு சேர்ந்தது. ஊரின் பொதுச் சொத்துகள், ஆறு, குளம், படித்துறை, பாதை ஆகியவற்றைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், பிறர் செய்யும் தொழிலைப் பட்டியல் சமூகத்தவர் செய்யவிடாமல் தடுப்பதும் இதன்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். ஏரிக்கரையில் விருந்தினருக்கு நடைபாதை போட்டுவிட்டு, அங்கே வழக்கமாக மாடு மேய்த்த, மீன் பிடித்த குடும்பங்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தால், அதுவும் இதற்குள் வரும். ஹோம்ஸ்டேயில் பத்துப் பேருக்கும் குறைவாகவே பணிபுரிவார்கள் என்பதால், அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை 2013ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். இந்தக் குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதன் முகவரி ஒவ்வொரு ஹோம்ஸ்டேயின் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

ஆனால் வழக்கு என்பது நடந்துவிட்ட அநீதிக்குப் பிறகு வருவது. அனுமதி வழங்கும்போதே போடப்படும் நிபந்தனை அதைவிட வலியது. சாதி கேட்டால், சாதி பார்த்து மறுத்தால் அனுமதி இரத்தாகும் என்ற ஒரு வரி அனுமதிச் சான்றிலேயே இருக்க வேண்டும். இலவசப் பட்டா வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுவது பட்டா நிபந்தனையை மீறியதாகாது என்று வருவாய்த் துறை எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். இந்தத் தெளிவு இல்லாவிட்டால், துணிந்து முன்வரும் முதல் சேரிக் குடும்பத்தின் மீதே புகார் மனு போகும்.

இனி பருவத்தைப் பற்றி. சுற்றுலாக்காரருக்குச் சீசன் இல்லாத காலம் இருப்பதைப் போல விவசாயக் கூலிக்கும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசும் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஆனால் ஒரு போகத்தின் அறுவடைக்கும் அடுத்ததன் நடவுக்கும் இடைப்பட்ட வாரங்களில் கூலி கிடையாது. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுவடையிலும் கூலி குறைந்துவிட்டது. அடைமழையில் வயல் மூழ்கினால் வேலை முழுவதுமாக நின்றுவிடும். விடுதி அறை காலியாக இருக்கும் மழை வாரங்களும், சேரியில் அடுப்பு எரியத் தடுமாறும் மழை வாரங்களும் ஒன்றே. இந்த வகையில், அந்த வாரங்களில் வரும் பணத்திற்குச் சேரியில் உண்மையான தேவை இருக்கிறது. இத்திட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லாததற்குக் காரணம் இதுவே.

ஆனால் மழைக்காலத்தில் இங்கே எந்த விருந்தினர் தங்குவார்? 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. தாழ்ந்த நிலத்தில் யார் குடியமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்பதைத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வந்து காட்டிவிட்டுப் போகிறது. தொலைநிலைப் பணியாளர் கேட்கும் தடையில்லா மின்சாரம், வடிகால், கழிவறை, குப்பை அகற்றல், சேறில்லாத சாலை ஆகியவை எல்லாம் நம் மக்கள் ஆண்டுதோறும் மனுவாக எழுதிக் கொடுப்பவைதாம். மனுவுக்கு அசையாத நிர்வாகம் விருந்தினருக்காக அசையுமானால், அசையட்டும். ஆனால் கால்வாய் ஹோம்ஸ்டே வாசலோடு நின்று, அதன் கழிவுநீர் சேரிப் பக்கம் திருப்பிவிடப்படும் பழைய கதை மட்டும் நடக்கக் கூடாது. கடலோரப் பாகூரில் நிலத்தடி நீர் உப்பேறிவருகிறது. புதுச்சேரிக்கு 2002ஆம் ஆண்டிலிருந்தே நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நீச்சல் குளம் வைக்கும் தங்குமிடத்திற்கு அச்சட்டத்தைக் காட்ட வேண்டும்.

நெடுநாள் தங்கும் விருந்தினர் ஒரு கிராமப்புறத்தை என்ன செய்வார்கள் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில் நமக்குப் பக்கத்தில், பெரும்பகுதி தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்கு வேலை கிடைத்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கிடைத்த வேலையில் பெரும்பகுதி தோட்டம், காவல், வீட்டு வேலை, கட்டட வேலை. நிலத்தின் விலை உள்ளூர்க் கூலிக்காரர் கைக்கு எட்டாத உயரத்திற்குப் போனது. போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் பொன்டா டோ சோல் என்னும் சிற்றூர் 2021 பிப்ரவரியில் தொலைநிலைப் பணியாளர் கிராமமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் விருந்தினர் பெருகியதும் வாடகை உயர்வைப் பற்றிய குமுறல் எழுந்தது. 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்து மக்கள் இதே காரணத்திற்காக வீதிக்கு வந்தனர்.

இருந்தும் பொன்டா டோ சோலில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. அங்கே வேலை செய்யும் கூடம் எந்தத் தனியார் வீட்டிலும் அமைக்கப்படவில்லை. ஊரின் பொதுப் பண்பாட்டு மையமான ஜான் டோஸ் பாசோஸ் மையத்தில் மேசை, இணையத்தோடு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இதை வில்லியனூருக்கும் பாகூருக்கும் கொண்டுவந்து பாருங்கள். நம் குடியிருப்புகளில் சமுதாய நலக்கூடங்கள் இருக்கின்றன. திருமணமும் காதணி விழாவும் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடப்பவை. பொது வேலைக்கூடத்தை அங்கே வையுங்கள். மின்கலச் சேமிப்பு, இரட்டை இணைய இணைப்பு, மேசை நாற்காலி, நல்ல கழிப்பறை ஆகியவற்றை அரசு செய்து கொடுக்கட்டும். நடத்தும் பொறுப்பும் கட்டணமும் அக்குடியிருப்பின் மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் செல்லட்டும். விருந்தினர் ஊர்த்தெருவிலேயே தங்கினாலும் வேலைக்கு நாள்தோறும் சேரிக்குள் வர வேண்டும்; தேநீரையும் மதிய உணவையும் அங்கேயே வாங்க வேண்டும். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் வரைபடத்தில் பணம் செல்லும் திசையை இது திருப்பும். தனி வீடுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் இது ஒருநாளும் நடக்காது.

அந்தக் கூடம் விருந்தினருக்காக மட்டும் இருக்கவும் தேவையில்லை. உண்மையில் இக்கொம்யூன்களுக்கு வந்த முதல் தொலைநிலைப் பணியாளர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். 2020இல் சென்னையிலும் பெங்களூரிலும் விடுதி அறைகளைக் காலிசெய்துவிட்டு மடிக்கணினியோடு வீடு திரும்பிய நம் பிள்ளைகள்தாம். ஒற்றை அறையில், தொலைக்காட்சிக்கும் சமையலுக்கும் நடுவே, கைப்பேசிச் சமிக்ஞைக்காக மொட்டைமாடி ஏறி அவர்கள் வேலை பார்த்தார்கள். 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. மென்பொருள் வேலையைக் கிராமத்திலிருந்து செய்ய முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். சீசன் இல்லாத மாதங்களில் விருந்தினரின் கட்டணம் அந்தக் கூடத்தின் மின்கட்டணத்தைச் செலுத்தும். மற்ற மாதங்களில் நம் பட்டதாரிகள் அங்கே அமர்ந்து வேலை பார்க்கலாம், போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம். உணவுக்கும் காய்கறிக்கும் கேரளத்தின் குமரகத்தில் 2008இல் தொடங்கிய முறை இருக்கிறது: விடுதிகள் தங்களுக்கு வேண்டிய விளைபொருளைக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமிருந்து வாங்கின. இங்கும் அனுமதி பெறும் ஒவ்வொரு தங்குமிடமும் கொள்முதலில் ஒரு பங்கைச் சேரி மகளிர் குழுக்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

நிதி எங்கே என்பார்கள். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர், மக்கள்தொகையில் 15.7 விழுக்காடு, அந்த விகிதத்தில் நிதி ஒதுக்கப்பட வேண்டும். தொழில் கடன் தர பாட்கோ இருக்கிறது. ஆனால் இங்கே நாம் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லியில் பட்டியல் சாதியினரின் சிறப்புக்கூறு நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. சாலையும் விளக்கும் எல்லோருக்கும்தானே என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம். ஏரிக்கரை விளக்கையும் படகுத்துறையையும் நம் நிதியில் கட்டிவிட்டு அதே சமாதானத்தை இங்கேயும் சொல்வார்கள். சொத்து குடியிருப்பின் பெயரில், நடத்தும் உரிமை குடியிருப்பின் குழுவிடம் என்று எழுதப்படாத எந்த வேலைக்கும் அந்த நிதியில் ஒரு ரூபாய் போகக் கூடாது. இதற்காகவே தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இலேயே இயற்றின. புதுச்சேரிச் சட்டப்பேரவையின் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதிகள். அவற்றில் ஊசுடும் ஏம்பலமும் இவ்வட்டாரத்தவை. அப்படியொரு சட்ட முன்வரைவை அவைக்குக் கொண்டுவரும் கடமை அவற்றின் உறுப்பினர்களுக்கு உண்டு.

இவற்றையெல்லாம் எங்கே போய்க் கேட்பது என்ற கேள்விதான் மிகக் கடினமானது. 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் வில்லியனூரிலும் பாகூரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருக்க வேண்டும். 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, நீதிமன்றப் போராட்டத்தின் விளைவாக 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் நடைபெறாமலே போயிற்று. அரசமைப்பின் 243டி பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய இடங்கள் காகிதத்தில் உறங்குகின்றன. கொம்யூனை நடத்துபவர் ஆணையர். அவர் மக்களுக்குப் பதில்சொல்லத் தேவையில்லாதவர். ஏரிக்கரைப் புறம்போக்கில் எதைக் கட்டுவது, எந்தத் தெருவுக்கு எந்த அனுமதி என்பதைச் சேரி மக்கள் கைதூக்கி மறுக்க ஒரு கிராம சபைகூட இல்லாத நிலையில்தான் சுற்றுலாத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன.

தேர்தலுக்கான போராட்டம் தனியே தொடர வேண்டும். அதற்கிடையில் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4(1)(பி) பிரிவு, தாம் வழங்கும் அனுமதிகளையும் சலுகைகளையும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிடும் கடமையைப் பொது அதிகார அமைப்புகளுக்கு விதித்திருக்கிறது. சுற்றுலாத் துறையும் இரு கொம்யூன் பஞ்சாயத்துகளும் இதுவரை எந்தெந்தத் தெருவில் உள்ள எத்தனை தங்குமிடங்களுக்கு அனுமதி வழங்கியுள்ளன, அவற்றில் பட்டியல் சாதியினருடையவை எத்தனை, ஏரி, கடற்கரைப் பணிகளுக்குச் சிறப்புக்கூறு நிதியிலிருந்து சென்ற தொகை எவ்வளவு, குடியிருப்புகளின் சமுதாய நலக்கூடங்கள் யார் பொறுப்பில் உள்ளன என்ற நான்கு கேள்விகளை வெள்ளைத்தாளில் எழுதிப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கொடுக்கலாம். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கான மனுவை எழுதித் தர வழக்குரைஞர்களாகிய நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.